எஞ்சின் வாயில் அடைத்த துணி

லேபிள்காரர் என்று அவருக்குப் பேர் வந்ததில் யாரையும் குறை சொல்ல முடியாது. அப்பா விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து எஞ்சினை இறக்கியபோது, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு, சீட்டு ஒட்டி, நோட்டில் எண் எழுதினார்.

"என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுங்க. எங்க வெச்சோம்னு தேட வேண்டாம்" என்றாள் மனைவி.

கூட நின்று வேலை பார்த்தவர் அக்கா புருஷன். முப்பது வருஷம் லாரிப் பட்டறையில் உழன்றவர். வலது கை நடுங்க ஆரம்பித்ததும் பட்டறைக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் டம்ளரைப் பாதிதான் நிரப்பச் சொல்வார். இந்த எஞ்சின் வந்தபிறகு மனுஷன் முகத்தில் ஒரு வெளிச்சம்.

சுத்தம் செய்து பூட்டிய எஞ்சினைத் திரும்ப ஏற்றிய அன்று, பெயின்ட் கீறாமல் இருக்க வண்டியின் சட்டத்துக்குப் பழைய போர்வையைச் சுற்றினார்கள். "பிள்ளைத்தாச்சியக் கட்டில்ல ஏத்துற மாதிரி மெதுவா, மச்சான்" என்றார் அத்தான். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரை லேபிள்காரர் மாட்டினார். தீப்பொறி விழும் நேரத்தைச் சரிசெய்து டைமிங் வைத்தது அத்தான். பாயின்ட் என்னும் இரு தொடுமுனைகளுக்கு நடுவே மெல்லிய சிகரெட் காகிதத்தைச் செருகி, அது வழுக்கும் இடத்தை விரலாலேயே பிடித்தார். நடுங்கும் மணிக்கட்டை இடக்கையால் அழுத்திக்கொண்டு, அரைமணி நேரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி உதைத்தார்கள். அக்கா வந்திருந்தாள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். நாற்பது உதை ஆகியிருக்கும். வண்டி இருமக்கூட இல்லை.

"மௌன விரதம் போல!" என்றார் தையல்காரர். எல்லாரும் சிரித்தார்கள். லேபிள்காரருக்குக் காது சுட்டது.

"கார்புரேட்டரை ஒரு தடவை கழட்டிப் பாத்துடலாம் மச்சான்" என்றார் அத்தான்.

"அது நான் மாட்டினது. நோட்டுல எல்லாம் சரியா இருக்கு. நடுங்குற கையில டைமிங்கைக் குடுத்தேன் பாருங்க, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்!"

சிரிப்பு அப்படியே நின்றது. அத்தான் விரல் விரலாகக் கையைத் துடைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அக்கா தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனாள்.

மறுநாள் காலை, ஆபீசுக்குக் கிளம்புமுன், அத்தானின் தப்பைக் கண்டுபிடிக்கத்தான் டைமிங்கைப் பார்த்தார். மயிரிழை பிசகவில்லை. வேறு வழியில்லாமல் கார்புரேட்டரைக் கழற்றி, அது உட்காரும் எஞ்சின் வாய்க்குள் பென்சிலை விட்டார். மெத்தென்று இருந்தது. இழுத்தார். கருத்துப்போன பனியன் துணி. எஞ்சினைச் சுத்தம் செய்து பூட்டிய அன்று தூசி போகாமலிருக்க அவரே அடைத்தது. துணி உதிரிபாகம் இல்லையே, அதனால் நோட்டில் ஏறவில்லை. கருப்புத் துளைக்குள் கருப்புத் துணி, கண்ணிலும் படவில்லை.

கார்புரேட்டரைத் திரும்ப மாட்டினார். மூன்றாவது உதையில் வண்டி உறுமியது. மதிலுக்கு மேலே தையல்காரர் கை தட்டினார். "பெரியவர் கெடுத்ததை ஒரே நாள்ல சரி பண்ணிட்டீங்களே, சார்!"

அங்கேயே உண்மையைக் கொட்டியிருக்கலாம். "ஏதோ..." என்று இழுத்துவிட்டு உள்ளே போனார். துணி கால்சட்டைப் பையில் இருந்தது. நாள் முழுக்க ஆபீஸ் மேஜையடியில் பெட்ரோல் வாடை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். வாசலில் அத்தானின் ஸ்பேனர் பெட்டி கயிறு கட்டிக் கிடந்தது.

"நாளைக்குப் பழைய இரும்புக்காரர் வராரு" என்றார் அத்தான். "தையல்காரரைக் கடைப்பக்கம் பாத்தேன். வண்டிய நீ சரி பண்ணிட்டியாமே. ராத்திரியெல்லாம் நினைச்சுப் பாத்தேன் மச்சான். காகிதம் சரியான இடத்துலதான் வழுக்குச்சு. ஆனா என் விரலை என்னாலயே நம்ப முடியல."

லேபிள்காரர் துணியை எடுத்துத் தரையில் வைத்தார். "டைமிங்ல தப்பே இல்ல அத்தான். இது எஞ்சின் வாயில இருந்துச்சு. நான் அடைச்சது."

அத்தான் அதை எடுக்கவில்லை. சமையற்கட்டு வாசலில் அக்கா குரல் கேட்டது.

"வாசல்ல நாலு பேர் முன்னால கத்திட்டு, இப்போ வீட்டுக்குள்ள வந்து காதோட காதா சொல்றியா?"

லேபிள்காரர் எழுந்து வந்தார். பெட்டி கட்டியபடியே கிடந்தது.

நேரே தையல்காரர் வீடு. இரண்டு பேர் அளவு கொடுக்க நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று மனசு கெஞ்சியது. காத்திருக்காமல் சொன்னார். துணி, டைமிங், காலையில் வாய் திறக்காதது, எல்லாம்.

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். "இதை நீங்க பெரியவர்கிட்டல்ல சொல்லணும்?"

"சொல்லிட்டேன். நாளைக்கு இரும்புக்காரர் வர்றதுக்குள்ள, நீங்களும் அவரைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும். நான் சொன்னா அவருக்கு இனிமே ஆறுதல் மாதிரிதான் கேக்கும்."

அளவு கொடுக்க வந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து வைத்துவிட்டுச் சட்டையைத் தேடினார்.