ஒரு படி தவிடு

பதினாலு வருஷம் காத்திருந்தவளுக்கு அந்த அரை மணி நேரம் பொறுக்க முடியவில்லை. மடத்து வராந்தா பெஞ்சில் ரோசம்மாள் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் சவுரியப்பன், இந்த வெயிலுக்குக் கோட்டு எதற்கு என்று அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டும் கேட்காமல், கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தான். மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற உத்தியோகம் அவனுக்கு. இரண்டு பேரும் இந்தச் சீமையில் கம்பைநல்லூர்க்காரர்கள்தான். கல்யாணமான கையோடு கப்பலேறிப் போனவர்கள், முப்பத்தெட்டாம் வருஷம் தை மாதம்தான் திரும்பி எட்டிப் பார்க்கிறார்கள். அதுவும் சொந்தபந்தத்தைப் பார்க்க இல்லை. பொம்மிடியில் ரயிலை விட்டு இறங்கியதும் மாட்டுவண்டி பிடித்து நேராக இந்த அநாதை மடத்துக்கு வந்துவிட்டார்கள்.

ரோசம்மாளுக்கு வயிறு திறக்கவேயில்லை. வேண்டாத மாதா இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. கடைசியில் மடத்துப் பெரிய மதருக்குக் கடிதம் எழுதினார்கள். அக்காவும் தம்பியுமாக இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள், பெண்ணுக்கு ஐந்து வயது, பையனுக்கு மூன்று, பெற்றவளே கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டாள், வந்து அழைத்துப்போங்கள் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை ரோசம்மாள் கப்பலில் எத்தனை தரம் படித்தாளோ, மடிப்பில் கிழிந்தே போய்விட்டது.

குழந்தைகள் வந்தார்கள். பெண் கருப்பி, தம்பி செல்லனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசல்படியிலேயே நின்றுவிட்டது. எண்ணெய் வழிய வழியப் பின்னிய சடை. பையனுக்குக் காய்ச்சலில் வீங்கின வயிறு இன்னும் முழுதாக வற்றவில்லை. இந்த நிமிஷத்துக்கென்று கப்பலில் ஏழு நாளும் பேச்சைக் கோத்து வைத்திருந்தாளே, ஒன்றாவது வாயில் வரவேண்டுமே! சாப்பிட்டாயா சாமி என்று மட்டும் கேட்டாள். களி தின்றோம் என்றது கருப்பி, முறைத்துக்கொண்டே.

பையனுக்கு அந்த முறைப்பெல்லாம் தெரியாது. அவன் கண் ரோசம்மாள் கொண்டுவந்திருந்த பிஸ்கோத்து டப்பாவின் மேலேயே இருந்தது. அக்கா கையை உதறிக்கொண்டு தத்தித்தத்தி வந்தான், ஒன்றை வாங்கினான், இன்னொன்றையும் வாங்கினான், பிறகு யாரோ கூப்பிட்ட மாதிரி அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அந்தக் கனம் தொடையில் இறங்கியதும் ரோசம்மாளுக்கு அழுகை முட்டியது. இது போதும், இனி எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று நினைத்தாள். சவுரியப்பன் மூக்கைச் சிந்துகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மதர் பிரெஞ்சு தேசத்துக்காரி. நல்ல மனுஷி, குறை சொல்ல முடியாது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் புத்தகத் தமிழில் குழந்தைகளின் கதையைச் சொன்னாள். தாய் பெயர் சாலம்மாள், வத்தல்மலைக்காரி. முதலில் பெற்ற இரண்டும் செத்துப்போயின. புருஷனும் போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். இந்த இரண்டும் காய்ச்சலில் விழுந்ததும், கூடையில் வைத்துச் சுமந்துகொண்டு மலையிறங்கி வந்தாள். இனி இவர்கள் எங்கள் பிள்ளைகள் என்று பத்திரத்தைப் படித்துக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் கைநாட்டு வைத்தாள். அரிசி கொடுத்தோம், வேண்டாம் என்றாள். புடவை கொடுத்தோம், வேண்டாம் என்றாள். ஒரே ஒரு படி தவிடு கேட்டாள். மாட்டுக்கு வைத்திருந்ததை அளந்து போட்டோம், முந்தானையில் முடிந்துகொண்டு சிரித்த முகமாகப் போனாள். இதைச் சொல்லி மதரும் சிரித்தாள்.

பையன் தலையைத் தடவிக்கொண்டிருந்த ரோசம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது.

மதருக்கு எங்கே தெரியப்போகிறது? பிறக்கிற பிள்ளையெல்லாம் சாகிற வீட்டில், அடுத்ததைத் தவிட்டுக்கு விற்பார்கள். ஒரு படி தவிடு பெறாத பிள்ளை, அதுவும் அடுத்தவன் பிள்ளை என்று எமன் ஏமாந்து போகட்டும் என்றுதான். ரோசம்மாளின் அம்மாவே பக்கத்து வீட்டுக் கோவிந்தனை அப்படி வாங்கியிருக்கிறாள். வாங்கினது பேருக்குத்தான். அவன் தின்றதும் தூங்கினதும் பெற்றவள் வீட்டில். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளை தலையெடுத்துத் திரும்ப வாங்குகிற வரைக்கும், பெற்றவள் வாய்விட்டு என் பிள்ளை என்று சொல்லக்கூடாது. சொன்னால் விற்றது செல்லாது, எமன் திரும்பி வந்துவிடுவான். சாலம்மாள் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. பிழைக்கட்டும் என்று ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ரோசம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவனுக்கும் புரிந்துவிட்டது. அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை அவளால். திக்கித் திணறி மதரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மதர் பொறுமையாகத்தான் கேட்டாள். அது மூடநம்பிக்கை என்றாள். பத்திரம் சேலத்தில் பதிவாகி இரண்டு மாதம் ஆகிறது, இந்தப் பையனைத் திரும்ப அந்த மலைக்கு அனுப்பினால் அடுத்த காய்ச்சலுக்குத் தாங்கமாட்டான் என்றாள். நீங்கள் வேண்டாமென்றால் பெல்ஜியத்திலிருந்து ஒரு தம்பதி கேட்டு எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்றும் சொன்னாள். சந்தேகமிருந்தால் நீயே கேள், அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாள், இப்போதும் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறாள் என்று ஆள் அனுப்பினாள்.

சாலம்மாளுக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. சந்தைக்குக் கொண்டுவந்த கடுக்காய் மூட்டையை இறக்காமலேயே வராந்தாவுக்குக் கீழே வந்து நின்றாள். கருப்பி "அம்மா" என்றது. அவள் காது கேளாதவள் மாதிரி வேறெங்கோ பார்த்தாள். இந்தக் குழந்தைகள் யாருடையவை என்று மதர் கேட்டாள்.

"உங்குளுதுதானுங்க. நான் தவிட்டுக்கு வித்துப்புட்டனுங்க. எனக்கும் அதுங்களுக்கும் ஒண்ணுமில்லீங்க."

கேட்டாயல்லவா என்கிற மாதிரி மதர் ரோசம்மாளைப் பார்த்தாள். ரோசம்மாள் சாலம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒண்ணுமில்லை என்று சொன்ன அதே மூச்சில் அவள் கண் ஓரக்கண்ணாகப் பையனுடைய வயிற்றுக்குப் போய், வீக்கம் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பியது. இவளிடம் எப்படிக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். உண்மையைச் சொன்னால் பிள்ளை செத்துப்போகும் என்று நம்புகிறவளிடம் எந்தக் கோர்ட்டு வந்து உண்மையை வாங்கும்?

வண்டி கட்டினார்கள். புதன்கிழமை நாகப்பட்டினத்தில் கப்பல், இப்போது கிளம்பினால்தான் ரயிலைப் பிடிக்க முடியும். சவுரியப்பன் கருப்பியைத் தூக்கி வண்டியில் வைத்தான். அது அழவில்லை, தாயையே பார்த்துக்கொண்டிருந்தது. செல்லன் ரோசம்மாள் தோளில் தூங்கிப்போயிருந்தான். சாலம்மாள் கேட்டுக்கு வெளியே பாதையோரத்தில் நின்றாள்.

ரோசம்மாள் வண்டியேறாமல் அவளிடம் போனாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள், மாதா சத்தியமாக. கடல் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிக் கூட்டிப் போகிறோம், திரும்ப வருவோமா தெரியாது, இங்கேயே விழுந்து புரண்டு கத்து, என் பிள்ளை என்று ஊரைக் கூட்டு என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்திருந்தது. இவள் கத்தமாட்டாள், கத்தினாலும் பத்திரம் பத்திரம்தான், பிள்ளைகள் பெல்ஜியத்துக்குப் போகும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

சாலம்மாள் முந்திக்கொண்டாள். யாரும் கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, சந்தோஷமான குரலில் மெதுவாகப் பேசினாள்.

"நீங்க நம்ம பக்கத்து ஆளுங்கனு பேச்சுலயே தெரியுதுங்க. வெள்ளக்காரங்க வூட்டுக்குப் போயிருமோன்னு பயந்துக்கிட்டு இருந்தன். உங்க வூடு எந்த ஊருங்க?"

தோளில் பையன் தூக்கத்தில் முகத்தைத் திருப்பி, ரோசம்மாள் கழுத்தில் மூச்சு விட்டான்.

"கம்பைநல்லூரு" என்றாள் ரோசம்மாள்.

"அப்ப ஒரு பகல் நடைதானுங்க. சனிக்கெழம கெளம்புனா ஞாயித்துக்கெழமைக்கு வந்துருவனுங்க. கிட்ட வரமாட்டன், பேசமாட்டன். தூரமா நின்னு பாத்துட்டுப் போயிருவன். வரலாமுங்களா?"

ரோசம்மாள் சரியென்று தலையாட்டினாள். அது போதாதென்று நினைத்தவள் போல சாலம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாம்மா" என்றாள் ரோசம்மாள்.