மண் சரிந்த பிறகு

மழை பொய்த்த எண்பத்திரண்டில், திருச்செங்கோட்டுக்குத் தெற்கே ஒரு தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தும்போது பக்கம் சரிந்தது. உள்ளே மண் அள்ளிக்கொண்டிருந்த கருப்பண்ணன் அதில் புதைந்து செத்துப்போனான். அவனோடு இறங்கியிருந்த கந்தன் தண்ணீர் குடிக்கச் சற்று முன்னால்தான் மேலே ஏறியிருந்தான்.

அதற்குப் பிறகு எங்காவது லாரியில் ஜல்லி கொட்டினால் போதும், கந்தனுக்கு உடம்பு தூக்கிப் போடும், வேர்த்து ஊற்றும். கூரைக்குக் கீழே படுக்க மாட்டான். கண்ணை மூடினால் மண் சரிந்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பான். தாகத்தை அடக்கியிருந்தால் கருப்பண்ணன் பிழைத்திருப்பான், பக்கத்தில் நிற்பவனை வாழவிடாத பிறவி நான் என்ற நினைப்புதான் அவனை அரித்தது. நடுக்கம் அடங்கும்போது அந்த நினைப்பு வரும். அது வந்தால் நடுக்கம் மறுபடி பிடித்துக்கொள்ளும். பெற்ற மகளைத் தூக்குவதையும் விட்டுவிட்டான். மனைவி ஆராயி கேட்டதற்கு, என் கை ஆகாது என்று மட்டும் சொன்னான். அவள் மந்திரித்துக் கயிறு கட்டிப் பார்த்தாள். ஒன்றும் தெளியவில்லை.

தை மாதம் கருப்பண்ணன் மனைவி சின்னாயியே அவனைத் தேடி வந்தாள். கந்தன் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏனுங்கண்ணா, எங்க ஊட்டுப் பக்கமே வாரதில்லையே. அவரு போனதோட நாங்களும் ஆகாதவங்களாயிட்டமா?"

யாரிடமும் சொல்லாததை அவன் நிமிராமல் சொன்னான். "நான் உள்ள இருந்திருந்தா மண்ணு விரிசல் உடறதப் பாத்திருப்பேன். தண்ணி குடிக்கோணும்னு ஏறிட்டேன். நாந்தான் அவனக் கொன்னுபோட்டேன்."

சின்னாயி வேலிக்காலைப் பிடித்துக்கொண்டாள். அன்று காலை கருப்பண்ணன் மேலுக்கு முடியவில்லை என்று படுத்திருந்ததையும், வீட்டில் கம்பு தீர்ந்துவிட்டதென்று தானே எழுப்பி வேலைக்கு அனுப்பியதையும் சொன்னாள்.

"அப்ப நானுந்தான் கொன்னனா? சொல்லுங்க."

கந்தன் பதறிப்போனான். "நீ என்ன பண்ணுவ சாமி? மண்ணு உழுகும்னு உனக்குத் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியுமாக்கும்?"

கந்தன் கையிலிருந்த சோளத்தட்டைக் கீழே போட்டான். தட்டுக்கட்டின்மேல் உட்கார்ந்து அழுதான். சாவன்றுகூட அவன் அழுதிருக்கவில்லை.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சின்னாயி கேட்டதைப் பலநாள் மனதில் போட்டுப் புரட்டினான்; சிலநாள் நம்பினான், சிலநாள் நம்பவில்லை. பங்குனியில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சின்னாயி வீட்டுக்குப் போனான். கருப்பண்ணன் பண்ணிய குறும்புகளைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். சத்தம் கேட்டால் அப்புறமும் திடுக்கிட்டான்தான். ஆனால் நடுக்கம் வந்த வழியே போனது. பின்னாலேயே அந்தப் பழி நினைப்பு வரவில்லை.

கிணற்று வேலைக்கு மட்டும் அவன் திரும்பவில்லை. பள்ளிபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையில் நூல்மூட்டை சுமக்கப் போனான். அங்கே தன்னோடு சுமப்பவனைத் தள்ளி நில் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை.