தங்கை வரும்வரை சுற்றிய பியானோ

“ரெண்டு டிக்கெட்டா? இன்னொருத்தர் எங்கேம்மா?” என்று கேட்டான் கூடப் படிக்கும் மொட்டை. மேடையில் அட்டையால் செய்த ரயில் டிக்கெட் கவுண்டருக்குள் அவன் தலை மட்டும் தெரிந்தது.

“இதோ வர்றா என் தங்கச்சி,” என்றாள் பெரியவள்.

தங்கச்சி பெட்டியோடு ஓடிவர வேண்டும். இருவரும் சேர்ந்து பாட்டைத் தொடங்க வேண்டும். இசை நாடகப் பரீட்சையே அந்தப் பாட்டுதான்.

வரவில்லை. திரைமறைவில் பெட்டியைக் காலடியில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் சின்னவள்.

வீட்டிலும் அவள் தங்கச்சிதான். பெரியவள் போன வருஷம் தோற்றதால் இருவருக்கும் ஒரே வகுப்பு. “இந்தத் தடவையும் கோட்டை விட்டேன்னா, நேரா கடைக்கு வந்து இஸ்திரிப் பெட்டியப் பிடி,” என்று அப்பா சொல்லியிருந்தார். லாண்டரிக்காரர்; அவர் சொன்னால் சொன்னதுதான்.

பியானோக்காரர் அதே இரண்டு அடியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். மேடையில் பேச்சு முடிகிறவரை பியானோ அப்படித்தான் சுற்றும். பாட்டு தொடங்கினால்தான் மேலே போகும். எத்தனையோ இசை நாடகங்களின் பழைய ஒலிப்பதிவுகளைக் காது வலிக்கக் கேட்டு, இதைக் கவனித்துக் கட்டுரை எழுதியவள் சின்னவள். இருவர் பேரிலும் கொடுத்த அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் காலையில் பேராசிரியை, “அருமை! யார் கவனிச்சது?” என்று கேட்டபோது சின்னவள் நாடக உடைகளை எடுத்துவரப் போயிருந்தாள். “நான்தான் மேடம்,” என்று பெரியவளின் வாய் முந்திக்கொண்டது. உடை மூட்டையோடு வாசலுக்குத் திரும்பியிருந்த சின்னவள் காதில் அது விழுந்துவிட்டது.

“கண்டுபிடிச்சவளே பாடிக்கட்டும்,” என்றாள் அக்காவிடம்.

“காணோமேம்மா உன் தங்கச்சிய?” வசனத்தில் இல்லாததைக் கேட்டுக் கைகொடுத்தான் மொட்டை.

“வருவா. ஆடி அசைஞ்சுதான் வருவா.”

“ரயில் ஆடி அசையாதும்மா. போயிடும்.”

“டிரைவர் உங்க மாமாதானே? ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க.”

“என் மாமாவா இருந்தா நான் ஏன் இந்தப் பொந்துக்குள்ள கிடக்கிறேன்?”

கூட்டம் சிரித்தது. பேராசிரியை சிரிக்கவில்லை. பியானோக்காரர் புருவத்தைத் தூக்கினார்: இன்னும் எத்தனை சுற்று? பெரியவள் பல்லிடுக்கில், “வாடி... கால்ல விழறேன், வாடி,” என்றாள். சின்னவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மொட்டைக்கும் சரக்கு தீர்ந்துவிட்டது. “என்னம்மா, சண்டையா?” என்றான் பாவம், ஒன்றும் தெரியாமல்.

“ஆமா,” என்றாள் பெரியவள், திரைப்பக்கம் திரும்பி. “தப்பு என்மேலதான். அவ உழைச்சு எழுதினத நான் எழுதினதா சொல்லிட்டேன். இன்னிக்குக் காலையில. இவங்க எல்லார் முன்னாடியும்.”

பேராசிரியை கையை உயர்த்தினாள். பியானோ நின்றது.

“என்ன சொன்னே? அந்தக் கட்டுரையா?”

அடுத்தவர் எழுத்தைத் தன்னுடையது என்றால் அந்தக் கல்லூரியில் மார்க் பூஜ்யம். எல்லோருக்கும் தெரியும். பெரியவள் வாயைத் திறப்பதற்குள் பெட்டி தரையில் உரசும் சத்தம்.

“அது வசனம் மேடம்,” என்றபடி மேடைக்கு வந்தாள் சின்னவள். “நாங்களா சேர்த்தது. கோவிச்சுக்கிட்ட தங்கச்சி லேட்டா வர்ற மாதிரி.”

“அப்போ காலையில சொன்னது?”

“அதுவா? அவ கண்டுபிடிச்சதுதான் மேடம்.”

பேராசிரியை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ம். மேலே போங்க.”

“இல்ல மேடம், நான்...” என்று ஆரம்பித்த பெரியவளின் காலை நறுக்கென்று மிதித்தாள் தங்கை.

“வாய மூடு,” என்றாள் அவள் காதோடு, மேடைச் சிரிப்பு கலையாமல். “உனக்காக வரல. நீ தோத்தா வீட்ல அம்மா முகத்த யார் பார்க்கிறது? இதோட சரி. இனிமே எங்கிட்ட பேசாதே.”

பியானோ மறுபடி சுற்றத் தொடங்கியது. முதல் அடி அக்காவுடையது. உண்மையைச் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. இஸ்திரிப் பெட்டியின் சூடும் கண்முன் இருந்தது. பெரியவள் பாடினாள்.

சின்னவள் சுருதி பிசகாமல் பதில் பாடினாள். அக்காவின் கையைப் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்தாள். கடைசி அடி முடிந்ததுமே, கைதட்டலுக்குக்கூடக் காத்திராமல், அந்தக் கையை விட்டுவிட்டாள்.