அப்பா படித்த படிப்பு

விமான நிலையத்து வாசனைத் திரவியக் கடைக்கு முன்னால் அவர் மூன்றாவது முறையாக நடந்தார். கண்ணாடிக்கு உள்ளே அவருடைய மகள் யாரோ ஒரு பயணியின் மணிக்கட்டில் எதையோ தெளித்துக்கொண்டிருந்தாள். சொல்லப்போவது நல்ல விஷயம்தான். பிறகு ஏன் இந்தத் தயக்கம்?

கல்லூரியில் மகளுக்கு இடம் சொல்லி வைத்திருந்தார். விமானத் துறையில் இரண்டு வருடப் பட்டம். அவள் 'சரி' என்றால் போதும், சாயங்காலத்துக்குள் பணம் கட்டிவிடலாம்.

இதே படிப்புக்காகத்தான் சில வருடங்களுக்கு முன் வீட்டில் பஞ்சாயத்து நடந்தது.

அப்போது அவர் விமான நிலையத்தில் இழுவை டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். விமானத்தின் மூக்குச் சக்கரத்தில் வண்டியை மாட்டிப் பின்னால் தள்ளிவிடும் வேலை. தள்ளும் நேரத்தில் சக்கரம் தானாகத் திரும்பிவிடாதபடி ஓர் இரும்பு ஊசி செருகியிருக்கும், அதில் சிவப்பு ரிப்பன் தொங்கும். முடிந்ததும் ஊசியை உருவி, தலைக்கு மேல் தூக்கிப் பைலட்டுக்குக் காட்ட வேண்டும். 'பார்த்தேன்' என்று பைலட் கையசைத்த பிறகுதான் விமானம் நகரும். சின்ன வயதில் மகள் பார்வையாளர் மாடத்தில் நின்றுகொண்டு, பைலட்டுக்கு முந்திக்கொண்டு அந்த ரிப்பனுக்குக் கையாட்டுவாள்.

பள்ளியை முடித்ததும் அவளுக்கு ஒரே ஆசை. விமானம் எந்த வழியில் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும் என்று தரையிலிருந்தே திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலை. அதற்கு முதல் படி இந்தப் பட்டம். சிக்கல் என்னவென்றால், இதே பட்டம் இருந்தால் அப்பாவுக்கு மேற்பார்வையாளர் பதவி என்று நிர்வாகம் ஆசை காட்டியிருந்தது. வீட்டில் இருந்த பணமோ ஒருவருக்குக் கட்டத்தான் காணும்.

மனைவியின் அண்ணன் வந்தார். கணக்கர். குடும்பத்தில் அவருக்குப் பெயர் கால்குலேட்டர்.

"மாப்ளே, உணர்ச்சிவசப்படாம கேளுங்க. பாப்பா படிச்சு முடிச்சா என்ன ஆகும்? கவுன்டர்ல நின்னு பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுவா. அதுக்கு மேல போக லைசென்ஸ் பரீட்சை, அனுபவம்னு இழுத்துக்கிட்டே போகும். நீங்க படிச்சா உடனே சம்பளம் ஏறும். போட்ட காசு சட்டுனு திரும்பும். அப்புறம் அவளைப் படிக்க வைங்க, யாரு வேண்டாங்கறா?"

"அவ ஆசைப்பட்டதை இவர் படிக்கிறதாண்ணே?" என்றாள் மனைவி.

"என்னை ஏம்மா முறைக்கிறே? முறைக்கிறதா இருந்தா கணக்கை முறை."

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். அவள் காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவே படிக்கட்டும். எனக்கென்ன அவசரம்?"

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சமையலறைக்குப் போனவள் வெகுநேரம் குழாயைத் திறந்து விட்டிருந்தாள். டம்ளர் கழுவுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

மாலை வகுப்பில் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் 'அங்கிள்' என்றார்கள். வானிலைப் பாடம் தொடங்கியதும் அங்கிளுக்குத் தலை சுற்றியது. விமான நிலையத்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகள்தான் வீட்டுக்கு வந்து, அவருடைய புத்தகத்தை முதலில் தான் படித்து, பிறகு அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"குறுக்குக் காத்து அடிச்சா, விமானம் மூக்கைக் காத்துப் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கிட்டாத்தான்ப்பா நேரா போக முடியும். நீங்க அம்மாகிட்ட பேசுற மாதிரி. நேரா கேட்டா காரியம் நடக்குமா?"

"உதை வாங்குவே!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மூவரும் சிரித்தார்கள். அவர் கணக்கை வாசித்து முடிப்பதற்குள் அவள் மனத்திலேயே விடையைப் போட்டிருப்பாள். சொல்லமாட்டாள். பேனாவை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருப்பாள்.

பாஸ் செய்தார். பதவி வந்தது. கால்குலேட்டர் போட்ட கணக்கு துளிகூடப் பிசகவில்லை.

இப்போது, கடை காலியானதும் உள்ளே நுழைந்தார்.

"வாங்க சார்! அம்மாவுக்கு சென்ட்டா?" மகள் சிரித்தாள்.

"உனக்கு சீட் சொல்லி வெச்சிருக்கேம்மா. சாயங்காலம் பணம் கட்டிடலாம். நீ சரின்னா போதும்."

சிரிப்பு நின்றது. பாட்டில்களை நேராக்கினாள். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

"வேண்டாம்ப்பா."

"ஏம்மா? அப்படி என்ன வயசாயிடுச்சு உனக்கு?"

"வயசு இல்லப்பா. அந்தப் புத்தகத்தையெல்லாம் உங்ககூட உக்காந்து ஒரு தடவை படிச்சாச்சு. பக்கத்துக்குப் பக்கம், இது என்னோடதாச்சேன்னு தோணும். முழுங்கிக்கிட்டேன். திரும்பத் தொறந்தா உங்க மேல கோபம் வந்துரும்."

"வரட்டுமே. அப்பாதானே? திட்டிக்கிட்டே படி."

"அன்னைக்குக் குழாய்ச் சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சு." அவள் குரல் இறங்கியது. "யாருமே எந்திரிச்சு வரலையேப்பா."

இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி அவரைக் கூப்பிட்டது. விமானம் தயார்.

அவர் கீழே இறங்கிப் போனபோது, கடையின் பின்பக்கக் கண்ணாடிக்கு நேர் எதிரே விமானத்தைத் தள்ளி முடித்திருந்தார்கள். ரிப்பன் காட்டுவது இப்போது அவர் வேலை இல்லை, புது டிராக்டர்காரருடையது.

"இன்னைக்கு மட்டும் அதை இப்படிக் குடுப்பா" என்று டிராக்டர்காரரிடம் கை நீட்டினார்.

வாங்கித் தலைக்கு மேல் உயர்த்தினார். ரிப்பன் காற்றில் படபடத்தது. பைலட் கையசைத்தார். விமானம் நகர்ந்தது. அவர் கையை இறக்கவில்லை. அப்படியே கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

மகள் முதுகைக் காட்டியபடி யாருக்கோ பாட்டிலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"விமானம் போயிருச்சு சார்," என்றார் டிராக்டர்காரர். "இன்னும் யாருக்குக் காட்டுறீங்க?"