அட்டை இல்லாத ஒலி

"அப்போ எல்லாத்தையும் அழிச்சிட்டீங்க?"

தையல்காரி குரலை உயர்த்தவில்லை. 'கத்திரி' என்று எல்லோரும் அழைக்கும் இளைஞர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

நகரத்தின் அன்றாடச் சத்தங்களைச் சேகரிக்கும் குழு அது. உறுப்பினர்கள் பதிவு செய்து தருவதை வெட்டிச் சீராக்கி இணையத்தில் ஏற்றுவது கத்திரியின் வேலை. அதனால் அந்தப் பட்டப்பெயர்.

தையல்காரியின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதம் முன்பு மாரடைப்பில் போய்விட்டார். இந்தக் குழுவுக்கு அவர் கொடுத்த பதிவுகள் அறுபத்து மூன்று. அத்தனையையும் அவள் கேட்டுவிட்டாள். கடை ஷட்டர் இறங்கியது, பேருந்துக் கதவு பெருமூச்சு விட்டது. மனிதர் வாயைத் திறந்தபாடில்லை.

ஆனால் குழுவில் ஒரு விதி உண்டு. பொத்தானை அழுத்தியதும் தேதி, நேரம், இடம் சொல்ல வேண்டும். அந்தப் பத்து வினாடிக் குரலைத் தேடித்தான் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அதைக் கேட்டு அட்டையில எழுதிக்குவோம்க்கா. அப்புறம் வெட்டிடுவோம். வெட்டினது மூணு மாசத்துல தானா அழிஞ்சிடும்."

"நானும் கத்திரி பிடிக்கிறவதான் தம்பி. வெட்டின துண்டுத் துணியைக்கூட மூட்டை கட்டி வச்சிருக்கேன். நீங்க மனுஷக் குரலைத் தூக்கிப் போட்டிருக்கீங்க."

"உங்க போன்ல ஒண்ணுமே இல்லையாக்கா?"

அவள் சேலை நுனியில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்தாள்.

"ஜாக்கெட் கழுத்து டிசைன் படம் இறக்க இடம் பத்தலை. அவர் பேசி அனுப்பினதை எல்லாம் நானேதான் அழிச்சேன். 'வர லேட்டாகும், நீ சாப்பிடு'ன்னு தினம் ஒண்ணு. அதை யாரு சேத்து வைப்பா? அப்போ ஆளே இருந்தாரு."

கத்திரி தலையைச் சொறிந்தார். பிறகு கணினியில் ஒரு மூலையைத் திறந்தார்.

"அட்டை எழுதாத ஒலி மூணு கிடக்கு. குழு ரெக்கார்டர் கை மாறிக் கை மாறிப் போகுது, ஆரம்பத்துல யாரும் எதுவும் சொல்லலை, யார் எடுத்ததுன்னு தெரியலை. அதனால வெட்டவும் இல்லை, ஏத்தவும் இல்லை. ரொம்ப நம்பாதீங்க."

முதலாவது மழை. இரண்டாவது ஏதோ சந்தை, நடுவில் ஒரு பெண்ணின் தும்மல். மூன்றாவதை ஓடவிட்டு, "இது ஏதோ பட்டறை. நாப்பது நிமிஷம் இதேதான்" என்று நிறுத்தப் போனார்.

அவள் அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

கடகடவென ஓடும் சக்கரம். அதனூடே, சுற்றுக்கு ஒரு 'டிக்'.

"என் மிஷின்."

"எப்படிக்கா அவ்வளவு உறுதியா...?"

"பெல்ட் அறுந்து கம்பி போட்டு இணைச்சிருந்தேன். அந்தக் கம்பி சக்கரத்துல ஏறும்போது வர்ற சத்தம். ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவரு, வீட்டு பெல்ட்டை மாத்த ரெண்டு வருஷம் இழுத்தடிச்சாரு. இதுக்காக எவ்வளவு சண்டை."

முதலில் சொல்லாதது ஒருவேளை முடிவில் இருக்குமோ என்று கத்திரி மவுஸைக் கடைசிக்கு இழுத்தார். 'டிக்' நின்றது. தொண்டையைச் செருமும் ஒலி. பிறகு அந்தக் குரல், மெல்ல, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதைப் போல:

"இடம், வீடு. நேரம்... மதியம் ரெண்டு இருக்கும். பெல்ட் மாத்துறதுக்கு முன்னாடி."

சற்றுத் தள்ளி அவளுடைய குரல். "அங்க யார்கிட்ட பேசுறீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. நீ தை."

அவ்வளவுதான். பதிவு முடிந்தது.

அன்று சாயங்காலமே அவர் புது பெல்ட் மாட்டினார். 'இப்பவாவது புத்தி வந்துச்சே' என்று அவள் குத்திக்காட்டினாள். இப்போது மிஷின் அந்த 'டிக்' இல்லாமல் ஓடுகிறது.

கத்திரி ஒரு வெற்று அட்டையை எடுத்தார். உடனே அதைக் கீழே வைத்தார்.

"அந்தக் கடைசித் துண்டை மட்டும் வெட்டி உங்க போன்ல போட்டுத் தரட்டுமாக்கா?"

"வெட்டாதீங்க. முழுசா குடுங்க. இப்போ முதல்ல இருந்து போடுங்க."

"முதல்ல வெறும் மிஷின் சத்தம்தானேக்கா. அவர் பேசுறது கடைசியிலதான்."

"தெரியும்." அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். "நாப்பது நிமிஷமும் என் முதுகுக்குப் பின்னாடி உக்காந்திருக்காரு தம்பி. நான்தான் திரும்பிப் பாக்கலை."