படகுக்காரனுக்கு வீடு எழுதவில்லை

எங்கள் விளையாட்டில் பேய் இருக்கிறதென்று ஒரே வாரத்தில் முந்நூறு புகார் வந்தது. இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடும் மாயலோகம் அது. டிராகன் பறக்கும், மரம் பேசும். அதற்கெல்லாம் யாரும் பயப்படவில்லை. ஏரிக்கரையில் ஒரு படகுக்காரன் பொழுது சாய்ந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிறானாம், அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம்.

அவனை எழுதியவள் நான். அந்த ஊரில் கணினியே நடத்துகிற நாற்பத்திரண்டு பேரையும் நான்தான் எழுதினேன். ஒவ்வொருவருக்கும் பசி, களைப்பு, வேலை, காத்திருக்க ஓர் ஆள் எல்லாம் இருந்தால்தான் ஊர் நிஜமாகத் தெரியும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதும் நான்தான். படகுக்காரனுக்கு மட்டும் செத்துப்போன என் அண்ணனை எடுத்துக்கொண்டேன். அவனுடைய வறட்டு இருமல், இடது தோளைச் சற்றே தூக்கி நிற்கிற நிலை, கோபத்திலும் சிரித்துவிடுகிற வாய். 'தங்கச்சி' வந்து ஏறும்வரை அவன் வேலையை முடிக்கமாட்டான் என்று ஒரு விதியும் போட்டேன். தங்கச்சி என்பது சோதித்துப் பார்க்க நான் வைத்திருந்த ஆட்டக்காரி.

நிரலில் பிழை திருத்துகிற பையனை ஆபீஸில் பூச்சிமருந்து என்போம். அவன் விதியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, ஆட்டத்தைத் திறந்த அன்னைக்கே சோதனை ஆளுங்களை எல்லாம் அழிச்சிட்டோமே. எட்டு மாசமா இந்த ஆளு வராத ஒருத்திக்காக நிக்கிறான். போன வாரம்தானே களைப்பு முகத்துல தெரியற மாதிரி மாத்தினோம்? எட்டு மாசக் களைப்பும் மொத்தமா தெரியுது."

"இப்ப என்ன பண்றது?"

"அந்த விதியைத் தூக்கிட வேண்டியதுதான். ஒரே வரி. நாலு மணிக்குள்ள முடிச்சிடலாம்."

அண்ணன் தினமும் என் ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருப்பான். மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், அஞ்சு நிமிஷம் என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இறங்கினேன். எதிர்ச்சுவரோரம் கூட்டமாக இருந்தது. நெஞ்சு நின்றுபோய்க் கிடந்தான். அந்த இரண்டு மணி நேரமும் டிராகன் இறக்கையில் எத்தனை எலும்பு இருக்க வேண்டும் என்று மேலே வாதாடிக்கொண்டிருந்தேன்.

"தூக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் போய்ட்டு வந்துடறேன்" என்றேன்.

பூச்சிமருந்து தங்கச்சியை மீட்டுக் கொடுத்தான்.

ஆட்டக்காரர்கள் படகுக்காரன் காலடியில் ரொட்டியும் போர்வையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கண் குழிந்து, கன்னம் ஒட்டி, ஆனால் அதே தோள். நான் அருகே போனதும் நிமிர்ந்தான்.

"வந்துட்டியா? அஞ்சு நிமிஷம்னியே!"

நான் எழுதிய வரிதான். தெரிந்தும் 'வந்துட்டேண்ணா' என்று தட்டச்சிட்டுப் படகில் ஏறினேன்.

அக்கரையில் என்னை இறக்கிவிட்டுப் படகைக் கட்டினான். இனி எல்லோரையும் போல அவனும் வீட்டுக்குப் போக வேண்டும். அவன் திரும்பி ஏரிக்குள் நடந்தான். முழங்கால், இடுப்பு, கழுத்து. பிறகு தலையும் மறைந்தது.

"அக்கா, வீடு எங்கன்னு எழுதலையா?" பூச்சிமருந்தின் குரல் இறங்கிவிட்டது. "இடத்தோட எண் போடாம விட்டா பூஜ்யம்னு எடுத்துக்கும். பூஜ்யம்னா வரைபடத்தோட நட்டநடு. அங்க ஏரியோட அடிதான் இருக்கு."

எழுதவில்லை. தச்சனுக்கும் சலவைக்காரிக்கும் அடுப்பு முதல் கட்டில்வரை எழுதிய எனக்கு, என் அண்ணனுக்கு வீடு ஒன்று இருக்கும் என்றே தோன்றவில்லை. எனக்காகக் காத்திருப்பது மட்டும்தான் அவன் என்று எட்டு மாதம் நினைத்திருக்கிறேன். எட்டு மாதமா, ஆயுசு முழுக்கவா? வெட்கமாக இருந்தது.

வீட்டுப் படிவத்தைத் திறந்தேன். வந்ததும் முதலில் என்ன செய்வான்? எங்கே உட்காருவான்? ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்தவள் ஒருத்திதான். அவன் போன பிறகு முகம் கொடுக்கப் பயந்து நான் பேசாமலிருந்த அண்ணி. அவளுக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, அண்ணா வீட்டுக்கு வந்ததும் முதல்ல என்ன செய்வாரு?"



"செருப்பை வெளிய விடாம உள்ள கொண்டு வந்துடுவாரு. நான் திட்டுவேன். அப்புறம் ஜன்னலோரம் உக்காந்து உன் புராணம்தான்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அன்னைக்கு அவர் மட்டும்தான் காத்துக்கிட்டிருந்தாருன்னு நெனச்சியா? அந்த ஜன்னல்ல நானும்தான் உக்காந்திருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை.

நாலு மணிக்குள் அக்கரையில் ஜன்னல் வைத்த ஒரு வீட்டையும், செருப்புக்காகத் திட்டும் ஒரு மனைவியையும் எழுதினேன். அவன் காத்திருக்கும் விதியிலிருந்து தங்கச்சியை அழித்துவிட்டு, அவனுக்காகக் காத்திருப்பவள் என்று மனைவியை எழுதினேன். பொழுது சாய்ந்தால் யார் வந்தாலும் வராவிட்டாலும் அவன் கிளம்பிவிடுவான்.

மறுநாள் வேலை முடிகிற நேரம் தங்கச்சியாகக் கரைக்குப் போனேன். ஆட்டத்திலும் பொழுது சாய்ந்திருந்தது. ரொட்டியும் போர்வையும் அப்படியே கிடந்தன. படகு அக்கரையில் கட்டியிருந்தது. ஜன்னலில் விளக்கும் இரண்டு நிழல்களும் தெரிந்தன.

'அண்ணா' என்று தட்டச்சிட்டேன். அவன் வரவில்லை. வரக்கூடாது என்று எழுதியவளே நான்தான்.

அஞ்சு நிமிஷம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பூச்சிமருந்து வந்து கூப்பிட்டபோது ஆபீஸில் எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.