நான்கு ஸ்க்ரூ உள்ள பெட்டி

அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது என் கணவர் சமையலறைக்கு வந்து தன் கண்ணைக் கட்டிவிடச் சொன்னார். கைக்குட்டையை மடித்துக் கையிலேயே கொண்டுவந்திருந்தார்.

"இறுக்கிக் கட்டும்மா. கீழே சந்து வழியா எதுவும் தெரியக் கூடாது."

கட்டினேன். கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டிப்போய் சோபாவில் உட்கார வைத்தேன். எதிரே பாலமுரளி சார் ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, நான் என்ன செய்ய முடியும் என்பதுபோல் கையை விரித்தார்.

பாலமுரளி சார் ஸ்ரீரங்கத்துக்காரர். பெரிய தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அரியமங்கலத்தில் என் கணவர் நடத்திய வெல்டிங் பட்டறையிலிருந்து போகும் சரக்கைச் சோதிப்பது அவர் வேலையாக இருந்தது. ஒருமுறை ஒரு லாரிச் சரக்கை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். சிநேகம் அன்றைக்குத்தான் தொடங்கியது. என் சரக்கை வேண்டாமென்று சொன்ன ஒரே ஆள், அவர் சொன்னால் நம்பலாம் என்பார் இவர். வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டார். பழக்கடைக்காரர் தட்டிப் பார்த்துக் கொடுக்கும் தர்பூசணியை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். டாக்டர் எழுதிய மாத்திரையை இரண்டு மருந்துக்கடையில் காட்டி விசாரிப்பார்.

அன்று இரண்டு பேரும் ஒரு ஸ்ட்ரீமர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். வைஃபையில் வரும் பாட்டை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி அது. ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் இவர் சவூதியில், தம்மாமில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிவந்தவை. கேசட் போய், சிடியும் போனபிறகு அவை துணி போர்த்திக் கிடந்தன. தில்லைநகர் கடைக்காரர் ஒருவர் பாலமுரளி சாருக்காக இரண்டு பெட்டிகளை வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லும்படி கொடுத்திருந்தார். ஒன்று வழுவழுவென்று உருண்டையாக இருந்தது, விலை அதிகம். மற்றது கறுப்பாக, டிபன் டப்பா அளவில் இருந்தது.

பாலமுரளி சார் தனக்குப் பிடித்த பெட்டியை சத்தம் கூட்டி உயர்த்திக் காட்டிவிடுவாரோ என்று இவருக்கு அவர்மேலும் ஒரு சந்தேகம். அதனால் ஆம்ப்ளிஃபயரின் குமிழை நான்தான் திருப்ப வேண்டும் என்றார். ஒரே நாதஸ்வரத்தை முதலில் ஒரு பெட்டியிலும் பிறகு மற்றதிலும் பாலமுரளி சார் அனுப்பினார். நான் குமிழை மாற்றினேன். நாதஸ்வரம் வேண்டுமென்றது இவர்தான். இவருடைய அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, கல்யாணப் பந்தல் போடுகிற வேலை செய்தவர். பந்தக்காலைப் பிடித்தபடி கேட்டு வளர்ந்ததால், தவிலில் விரல் விழும் சத்தத்தை வைத்து எந்த ஸ்பீக்கரையும் எடைபோட்டுவிடலாம் என்பது இவர் எண்ணம்.

மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டுக் கட்டை அவிழ்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. அப்ப விலை ஜாஸ்தியா இருக்கறதுல எவனோ ஏமாத்தறான்."

"உங்க காதை மட்டும் சந்தேகப்பட மாட்டீங்களா?" என்றார் பாலமுரளி சார்.

"காது என்னுது சார்."

பிறகு இரண்டு பெட்டிகளையும் கவிழ்த்துப் பார்த்தார். உருண்டையில் ஸ்க்ரூவே இல்லை, ஒட்டி மூடியிருந்தார்கள். கறுப்புப் பெட்டியின் அடியில் நான்கு ஸ்க்ரூ இருந்தது. திறக்க முடியாத சாமானை வீட்டுக்குள் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும் எடுத்துவந்து கறுப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மைக் ஏதும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு மூடினார். அப்படித்தான் அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

அதில் கணக்குத் தொடங்க ஃபோன் நம்பர் கேட்டது. இவர் தரவில்லை. தந்தால் மறுநாளே பிளாட் விற்கிறவன் கூப்பிடுவானாம். கடைசியில் பாலமுரளி சார் தன் கணக்கையே போட்டு, தன் ஃபோனிலிருந்து இணைத்துக் கொடுத்தார். புதுப் பெட்டி என்பதால் இரவு முழுவதும் ஆனில் இருந்தால் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், அணைத்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். எல்லாவற்றையும் சுவரில் அணைத்துவிட்டே படுக்கும் மனிதருக்கு இது பிடிக்கவில்லை.

"நாம தூங்கறப்ப இது யாருகிட்ட பேசப் போகுது?" என்று வாசல்வரை கேட்டுக்கொண்டே போனார், ஆனாலும் அன்றிரவு எதையும் அணைக்கவில்லை.

விடிகாலையில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூ செய்யப் போனவர் குழாயடியிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

நான் இத்தாவில் உட்கார்ந்தேன். கணவன் மவுத்தான பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் எதிரில் வராமல், அலங்காரமும் கேளிக்கையும் இல்லாமல் இருக்க வேண்டிய காலம் அது. எனக்குத் துணையாக இவருடைய அக்கா ஷரபுன்னிசா வந்து தங்கினார். நல்ல மனுஷி. ஆனால் தம்பியைப் போலவேதான். நான் மோர் சாதம் போதுமென்று சொன்னால், சமையலறையில் ஏதாவது தின்றுவிட்டேனா என்று பாத்திரங்களைத் திறந்து பார்ப்பார்.

வந்தவர்கள் கலைந்துபோய் வீடு அமைதியான பிறகு, ஒருநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு தொழுகை விரிப்பான முசல்லாவை மடித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் நாதஸ்வரம் கேட்டது. அன்றைக்கு இவர் கேட்ட அதே நாதஸ்வரம், அன்றைக்கு வைத்த அதே சத்தத்தில்.

ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே ஹாலுக்குப் போனேன். யாருமில்லை, அக்கா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்விட்சை அணைத்திருக்கலாம். அது இவர் கடைசியாகப் போட்ட ஸ்விட்ச். கை அதன்மேல் போகவில்லை. சத்தக் குமிழை மட்டும் குறைத்தேன். பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கும் அளவுக்குக் குறைத்துவிட்டு, பக்கத்தில் போய் நின்றேன்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

யார் வேலை இது என்று யோசித்து யோசித்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. மாடியில் குடியிருந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் மேல் முதலில் சந்தேகம். அவர் படியிறங்கும் நேரத்தையும் பாட்டு வரும் நேரத்தையும் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று ஒப்பிட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. என்னைச் சோதிக்க அக்காவே ஏதாவது செய்கிறாரோ என்றுகூட நினைத்தேன். அவர் தூங்கும்போது தலையணைக்கடியில் அவருடைய ஃபோன் இருக்கிறதா என்று பார்த்தேன். பாலமுரளி சாரை நான் நினைக்கவில்லை. அவருடைய ஃபோனை ரிமோட் போல ஒன்று என்றுதான் எண்ணியிருந்தேன். ரிமோட் அடுத்த அறைக்கே எட்டாது. காவிரியைத் தாண்டி எங்கே எட்டும்?

அவரைச் சந்தேகப்பட்டது என் மகள் ஆஃப்ரின். கே.கே. நகரிலிருந்து வாரம் ஒருமுறை வருவாள். பாலமுரளி சார் அவளைக் கூப்பிட்டு, அத்தாவுடைய செட் அப்படியே இருக்கிறதா, யாராவது போட்டுக் கேட்கிறீர்களா என்று கேட்டாராம். சும்மா வாங்கிக்கொண்டு போகப் பார்க்கிறார் என்று அவள் நினைத்துவிட்டாள். "அத்தாவை அடக்கி மண்ணு காயலை, அதுக்குள்ள செட்டு கேக்குதா அந்த ஆளுக்கு" என்று கொதித்தாள். அவரிடம் பட்டும்படாமல் பேசி ஃபோனை வைத்துவிட்டாளாம். பாட்டு தானாக வருவதை அவளிடம் நான் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு மாடிக்காரர்தான் நம் வைஃபையில் நுழைந்து விளையாடுகிறார் என்று முடிவு கட்டினாள். அடுத்த வாரம் வந்து பாஸ்வேர்டை மாற்றுவதாகச் சொன்னாள்.

அந்த வாரத்தில்தான் அக்கா பார்த்துவிட்டார். மதியத் தூக்கம் வராமல் எழுந்து வந்தவர், நான் ஸ்பீக்கர் பக்கத்தில் தலையைச் சாய்த்து நிற்பதைக் கண்டார். உள்ளே நாதஸ்வரம் மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"என் தம்பிக்காக இத்தா இருக்கியா, இல்ல ஊருக்காகவா?"

தானாக வருகிறது என்றேன். எப்படித் தானாக வரும் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியாத பாட்டை ஏன் பக்கத்தில் நின்று கேட்கிறாய் என்றார். கேட்டது உண்மை. போட்டது நானில்லை. இந்த இரண்டையும் சேர்த்து எப்படிச் சொன்னாலும் பொய் மாதிரியே இருந்தது.

மறுநாள் காலையில் ஆஃப்ரின் வந்து பாஸ்வேர்டை மாற்றினாள். அன்று மதியம் பாட்டு வரவில்லை. அதன்பின் வரவேயில்லை.

வினை முழுவதும் அங்கேதான். பாட்டு நின்றதும் நான் தப்பித்தேன் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். அக்காவோ அதை வேறு மாதிரி பார்த்தார். கண்டித்த மறுநாளே நின்றுவிட்டது என்றால் போட்டது யார்? பாஸ்வேர்டு கதையெல்லாம் அம்மாவைக் காப்பாற்ற மகள் சொல்வது. சொந்தக்காரர்கள் கூப்பிட்டால் "ரோஷன் இப்ப சரியாயிட்டா" என்று அவர் சொல்வது அடுத்த அறையில் எனக்குக் கேட்கும். முதலில் என்ன சரியில்லாமல் இருந்தது என்று அவர்கள் கேட்பார்களே, அதற்கு அவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

பிறகு ஒரு முடிவெடுத்தார். வையம்பட்டியில் இருக்கும் தன் மகனுக்கு வெள்ளிக்கிழமை லோடு ஆட்டோவில் செட்டை அனுப்பிவிடுவது. கண்ணில் படாவிட்டால் மனமும் அலையாது என்றார். வேண்டாமென்று நான் சொன்னால் அவர் சந்தேகம் உறுதியாகிவிடும். சொல்லாவிட்டால் செட் போய்விடும். நான் சொல்லவில்லை. புதன்கிழமை அவரே ஸ்பீக்கர்களைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டினார்.

வியாழக்கிழமை மதியம் பாலமுரளி சார் வந்தார்.

நான் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அக்கா அவரை உட்காரச் சொன்னார். ரோஷன் இத்தாவில் இருக்கிறாள், வரமாட்டாள் என்றார். தெரியும், ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன் என்றார் அவர். கட்டி வைத்திருந்த ஸ்பீக்கர்களை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"வித்துட்டீங்களாம்மா?"

"ஏன், உங்களுக்கு வேணுமா?"

"இல்லம்மா. என் ஃபோன்ல அது காணோம். அதான் கேட்டேன்."

"உங்க ஃபோனுக்குள்ள எங்க வீட்டு செட்டுக்கு என்ன வேலை?"

அவர் சொன்னார். பெட்டி தன் கணக்கில் இருப்பதால் வைஃபை இருக்கும்வரை ஸ்ரீரங்கத்திலிருந்தும் பாட்டு அனுப்பலாம் என்று. தினமும் சாப்பிட்டதும் ஒரு பாட்டு அனுப்பிக்கொண்டிருந்தார் என்று. பெட்டி மட்டும் ஆனில் இருப்பது ஃபோனில் தெரிந்ததாம். ஆம்ப்ளிஃபயரை யாராவது அணைத்திருப்பார்கள், பாட்டு யார் காதிலும் விழாது என்று நினைத்தாராம். போன வாரத்தில் ஒருநாள் பெட்டி ஃபோனிலிருந்து மறைந்துவிட்டது. ஆஃப்ரினை மறுபடி கூப்பிடத் தயக்கமாக இருந்தது. நேரில் வந்துவிட்டார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"யாருக்கும் கேக்காத பாட்டை எதுக்கு அனுப்பினீங்க?"

"அனுப்பினா, பாடிக்கிட்டிருக்குன்னு ஃபோன்ல காட்டும்மா. அவர் வீட்டுல பாடிக்கிட்டிருக்குன்னு." பிறகு, "வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினேன். இத்தாவில் அவசியத்துக்குப் பேசலாம். அது அவசியம்தான்.

"கேட்டுச்சு சார். ஆம்ப் ஆன்லதான் இருந்தது. தினமும் கேட்டுச்சு. அக்கா, நான் பக்கத்துல நின்னு கேட்டேன். அது மட்டும்தான் நான் செஞ்சது."

பாலமுரளி சார் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். உங்கள் வீட்டில் எந்த நேரத்தில் என்ன ஆகும் என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று தடுமாறினார். அக்கா அவரை நிறுத்தினார். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். அவர் வேண்டாமென்றும் அக்கா போட்டார். டீ குடித்து முடிக்கும்வரை என் கணவர் திருப்பி வாங்கிக்கொண்ட அந்த லாரிச் சரக்கைப் பற்றி விசாரித்தார். உண்மையிலேயே வெல்டிங் சரியில்லையா, இல்லை வேறு ஏதாவதா என்று. உண்மையிலேயே சரியில்லை என்றார் அவர்.

கிளம்பும்போது அக்கா அவரிடம் சொன்னார்.

"இத்தா முடியற வரைக்கும் அனுப்பாதீங்க. அதுக்கப்புறம் அவ இஷ்டம், உங்க இஷ்டம்."

வெள்ளிக்கிழமை லோடு ஆட்டோ வரவில்லை. சனிக்கிழமை காலை நான் எழுந்தபோது போர்வை மடித்துப் பீரோவின் மேல் இருந்தது. ஸ்பீக்கர்கள் பழைய இடத்திலேயே நின்றன, இடதும் வலதும் இடம் மாறி. அவருக்கு எது எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்காது. நானும் திருத்தவில்லை.

இத்தா முடிந்த பிறகு பாலமுரளி சார் மனைவியோடு வந்தார். ஆஃப்ரினும் இருந்தாள். அவரிடம் அவள் அன்று அதிகம் பேசவில்லை, ஆனால் புதுப் பாஸ்வேர்டைத் தானே பெட்டிக்குக் கொடுத்தாள். அவருடைய ஃபோனில் ஒரு பட்டியல் வந்தது. அவர் வீட்டு டிவி, அவர் மகளுடைய ஃபோன், அதற்குக் கீழே எங்கள் பெட்டி. அதற்கு அவர் அன்றே ஒரு பெயர் வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. 'ஹலீம் ஹால்' என்று, என் கணவர் பெயரிலேயே இருந்தது. வேண்டுமானால் அம்மா பெயருக்கு மாற்றிவிடலாம், ஒரு நிமிஷ வேலைதான் என்றாள் ஆஃப்ரின். பாலமுரளி சார் என்னைப் பார்த்தார். நான் டீ எடுத்துவர எழுந்து போனேன்.

அவர் இப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அனுப்புகிறார். பெட்டியின் பெயர் ஹலீம் ஹால் என்றுதான் இருக்கிறது.